இரண்டு மணி நேரத் தூரத்துக்குள் ஒரு பாட்டுக்காரி

எங்கள் மன்றத்துக்கு இந்த ஆண்டு வெள்ளி விழா. மன்றம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். மலேசியாவில் பிறை தொழிற்பேட்டையில் நின்றுகொண்டே வேலை பார்த்து, முட்டி தேய்ந்து ஓய்வு பெற்ற பெண்கள் பதினாலு பேர். மாதத்தில் ஒரு ஞாயிறு கூடுவோம், பசியாறுவோம், பாட்டுக் கேட்போம், மருமகள்களைப் பற்றிப் பேசுவோம். இரண்டு வருடமாக நாங்கள் கேட்பது ஒரே பாட்டுக்காரியைத்தான். பெயர் குணவதி. தமிழ்நாட்டில் ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கம் பிள்ளைப்பாக்கம். முன்பு மின்னணு ஆலையில் வேலை பார்த்தவள். தானே பாட்டுக் கட்டித் தானே பாடுகிறாள். யாரோ கைப்பேசியில் பிடித்தது எப்படியோ எங்கள் வாட்ஸ்அப் குழுவுக்கு வந்து சேர்ந்தது.

கம்பெனி பஸ்ஸு வருது வருது – என்
கனவுல பாதி அதுல போவுது
ஜன்னல் கண்ணாடி தலவாணி ஆவுது – ஏரி
தண்ணி தூக்கத்துல தாண்டிப் போவுது

எங்களுக்கும் இதே பஸ், இதே கண்ணாடி, இதே தூக்கம். ஏரிக்குப் பதிலாக ஆற்றுப் பாலம், அவ்வளவுதான் வித்தியாசம். விழாவுக்கு இவளையே கூப்பிடுவது என்று முடிவாயிற்று. அவளும் வருகிறேன் என்றாள். அதற்கு மறுநாள் அவள் கணவரிடமிருந்து ஒரு குரல் பதிவு வந்தது: “மேடம், அவுங்களுக்கு வாரத்துல மூணு நாளு டயாலிசிஸ். ரெண்டு கிட்னியும் போயிடுச்சு. அதையும் மனசுல வெச்சுக்குங்க.”

அந்தப் பதிவைக் குழுவில் எல்லோரும் திரும்பத் திரும்பக் கேட்டோம். பிறகு தலைவி லெட்சுமி என்னை அழைத்தாள். “சரோஜா, நீ போய் ஒரு தடவை நேர்ல பார்த்துட்டு வந்துரு. முடியும்னா முடியும்னு சொல்லு, முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லு.” இருப்பதில் என் முட்டிதான் கொஞ்சம் தேவலை. அதனால் நான் கிளம்பினேன்.

சுங்குவார்சத்திரத்தில் நெடுஞ்சாலையைப் பார்த்த விடுதி அறை. என் தாத்தாவின் அப்பா இந்தப் பக்கத்திலிருந்துதான் கப்பலேறினார் என்று வீட்டில் சொல்வார்கள். மண்ணை மிதித்ததும் எனக்கு அழுகை வரும் என்று தங்கை பந்தயம் கட்டியிருந்தாள். நான் அறைக்குள் போனதும் முதலில் மின்விசிறி ஓடுகிறதா என்று பார்த்தேன். ஓடியது. பந்தயத்தில் நான் ஜெயித்ததாகத் தங்கைக்குச் செய்தி அனுப்பினேன்.

காலையில் எதிர்ப்பக்கத் தேநீர்க் கடை. “பசியாறணும், என்ன இருக்கு?” என்றேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “டிபன் வேணுமா? அத்த சொல்லுங்கம்மா. பசியாறணும்னா எதோ கோயில் அன்னதானம் மாரி கீது” என்றார். இட்லி நன்றாக இருந்தது. தேநீர் தம்ளர்தான் சின்னது. எங்கள் ஊர்க் குவளையில் ஊற்றினால் மூன்று பேர் தேநீர் அடியிலேயே நிற்கும். பக்கத்து பெஞ்சில் ஒரு வடநாட்டு இளைஞன் போனில் ஏதோ புலம்பிக்கொண்டிருந்தான். கடைக்காரர் தானாகவே எனக்கு மொழிபெயர்த்தார். “அம்மாகிட்ட பேசறான். ‘இங்க மூணு வேளையும் சோறு, ரொட்டியே கண்ணுல காட்ட மாட்டேன்றாங்க’ன்றான். டெய்லி இதே கம்ப்ளைண்ட். ஆனா ஆளு வந்தப்போ இருந்தத்தவிட குண்டாயிட்டான்.”

பேருந்து நிறுத்தத்தில் நான் செய்த தவறை ஆலையில் ஆயுள் கழித்தவள்தான் செய்வாள். ஒரு பக்கம் ஊர்ப் பேருந்துக்கு முண்டியடித்துக்கொண்டு ஒரு கூட்டம். இன்னொரு பக்கம் வெள்ளை பஸ்ஸுக்கு முன்னால் பெண்கள் ஒழுங்காக வரிசையில். என் கால்கள் கேட்காமலே வரிசையில் போய் நின்றன. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. ஐந்து நிமிடத்தில் பஸ் முழுக்கத் தூங்கியது. பாட்டில் சொன்னது போலவே கண்ணாடியில் தலைகள். நானும் தூங்கிவிட்டேன். எழுந்தபோது ஒரு பெரிய ஆலையின் வாசலில் காவலாளி அடையாள அட்டை கேட்டுக்கொண்டிருந்தார். பக்கத்திலிருந்த பெண் சொன்னாள்: “சாரி ஆன்ட்டி, நீங்க புதுசா கேன்டீனுக்கு வந்துகிறீங்கன்னு நெனச்சேன்.”

குணவதியின் கணவர் வேலு வந்து என்னை மீட்டுப் போனார். அவரும் ஆலைக்கு வேன் ஓட்டுகிறவர்தான். வழி முழுக்கச் சிரித்தார். “அக்கா, இந்த லைன்ல பத்து வருஷமா ஓட்டுறேன். கம்பெனிக்குள்ள போவ மாட்டேன்னு எறங்குனவங்களப் பாத்துகிறேன். தெரியாம உள்ள போனவங்க நீங்கதான் மொத ஆளு.”

வழியில் வண்டியை நிறுத்தச் சொல்லி இளநீர் வாங்கினேன். பாட்டுக்காரியைப் பார்க்க வெறுங்கையோடு போகக் கூடாது, தொண்டைக்கும் நல்லது என்று எண்ணம். வேலு என்னை ஒரு முறை பார்த்துவிட்டு வண்டியை எடுத்தார்.

குணவதிக்கு முப்பத்தெட்டு வயது. கைப்பேசியில் பார்த்ததைவிடச் சின்ன உருவம். இடது முன்கையில் ரத்தக் குழாய் கயிறு போலப் புடைத்திருந்தது. அந்தக் கையில் வளையல் இல்லை. இளநீரை இரண்டு கையாலும் வாங்கி, “ரொம்ப தேங்ஸ்க்கா” என்று கண்ணில் ஒற்றிக்கொண்டு, அப்படியே கணவரிடம் கொடுத்தாள். அவர் நின்ற இடத்திலேயே குடித்து முடித்தார். பிறகு அவள் எனக்காக மெதுவாகப் பாடினாள்.

எளநி வெட்டித் தராத மாமா – எனக்கு
ஏலக்கிப் பழமும் ஆவாது மாமா
அளந்து வெச்ச தண்ணி அரைச் சொம்பு மாமா – அதுல
ஆறு பாட்டு பாடணும் மாமா

எங்கள் மன்றத்தில் அதிகம் ஓடிய பாட்டு இது. கணவனோடு ஊடல் கொண்ட பெண் எதைக் கொடுத்தாலும் வேண்டாம் என்கிறாள் என்று லெட்சுமி எங்களுக்கு விளக்கவுரையே நிகழ்த்தியிருந்தாள். “ஊடலும் இல்ல, ஒண்ணும் இல்லக்கா. டாக்டரு குடுத்த டயட் சீட்டு. ஞாபகம் இருக்கட்டும்னு மெட்டு போட்டேன்” என்றாள் குணவதி. இளநீரும் வாழைப்பழமும் அவள் இதயத்தை நிறுத்திவிடக் கூடியவை. அதை வாங்கித்தான் நான் கையில் கொடுத்திருக்கிறேன். வெட்கமாகப் போயிற்று.

அவளுக்கு ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர் தண்ணீர்தான். ஒரு பாட்டிலில் மார்க்கரால் கோடு போட்டு வைத்திருக்கிறாள். “இந்தக் கோடு மாத்திரைக்கு, இது சோத்துக்கு. பாட்டு கீற அன்னிக்கு எல்லாத்துலயும் மிச்சம் புடிச்சு மேடைக்கு வெச்சுப்பேன்.” நம்மூரில் பாடகர்கள் ஃபிளாஸ்கில் வெந்நீர் வைத்துக்கொண்டு மடக் மடக்கென்று குடிப்பதைப் பார்த்திருக்கிறேன். இவள் வாயில் ஒரு கிராம்பை ஒதுக்கிக்கொண்டு பாடுகிறாள்.

அவள் பாட்டுக்காரியான கதையையும் கேட்டேன். ஆலையில் பாதுகாப்பு வாரத்துக்குப் போட்டி வைத்தார்களாம். மற்றவர்கள் வாசகம் எழுதிக் கொடுக்க, இவள் அம்மன் கோயில் மெட்டில் ‘கிளவுஸ நீ மறந்தா வெரலு உன்ன மறந்துடும்’ என்று பாடிக் குக்கர் ஒன்றைப் பரிசாக வாங்கினாள். அதன் பிறகு ஆயுத பூஜைக்கு ஆறு ஆலை வாசலில் பாட்டு, ஆடி மாதம் கோயில்களில் பாட்டு. அப்போதெல்லாம் உடுக்கையும் அவளே அடித்தாள். இருபத்தொன்பதாவது வயதில் கால் வீங்கியது. நின்றே வேலை பார்ப்பதால் வீங்குகிறது என்று நினைத்து, கம்பெனி ஷூவைப் பெரிய அளவில் கேட்டு வாங்கினாள். மறுபடி வீங்கியது, மறுபடி பெரிய அளவு. தலைவலிக்கு மருந்துக் கடையில் மாத்திரை. “மூணாவது வாட்டி ஷூ கேட்டப்பதான் ஸ்டோர்ல இருந்தவரு, ‘ஏம்மா, காலுக்கு இன்னா ஆச்சுன்னு பாரும்மா’ன்னாரு. குக்கர் இன்னும் ஓடுதுக்கா, கிட்னிதான் நின்னுபோச்சு.”

நான் சிரிக்கவில்லை. எங்கள் லைனிலும் வீங்கிய காலுக்குப் பெரிய ஷூதான் கேட்போம்.

அன்றைக்குத்தான் அவளுடைய எல்லைக் கணக்கையும் தெரிந்துகொண்டேன். இறந்தவர்களின் உறுப்புக்குக் காத்திருப்போர் பட்டியலில் குணவதியின் பெயர் ஆறு வருடமாக இருக்கிறது. எப்போது வேண்டுமானாலும் போன் வரும். வந்தால் இரண்டு மணி நேரத்துக்குள் சென்னை ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும் என்று வேலு தீர்மானமாக வைத்திருக்கிறார். ஆகவே காஞ்சிபுரம் போகலாம், தாம்பரம் போகலாம். வேலூரிலிருந்து அழைப்பு வந்தது, போகவில்லை. மதுரையில் பெரிய விழா, போகவில்லை. ஆறு வருடமாக அவள் குரல் கடல் தாண்டிப் போயிருக்கிறது, அவள் அந்த வட்டத்தைத் தாண்டியதில்லை.

“அப்புறம் எப்படி எங்க ஊருக்கு வரேன்னு சொன்னே?” என்றேன்.

அவள் எழுந்து போய் அலமாரியிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்து வந்தாள். புத்தம் புதிது. “நீங்க கூப்ட்ட வாரமே எழுதிப் போட்டேன். அஞ்சே நாளுக்கா, டயாலிசிஸ் அங்கியே பண்ணிப்பேன். ஆறு வருஷத்துல வராத போன் அந்த அஞ்சு நாள்லயா வந்துடப் போவுது?” வேலு அந்தப் பேச்சு தொடங்கியதுமே வேனைத் துடைக்க வெளியே போய்விட்டார்.

சனிக்கிழமை அவளோடு டயாலிசிஸுக்குப் போனேன். ஒரு நீள அறையில் எட்டுக் கட்டில், எட்டு இயந்திரம். எனக்கு அந்த இடம் உடனே பிடிபட்டது: இயந்திரம் கத்தினால் யாராவது ஓடி வந்து பொத்தானை அழுத்த வேண்டும், அடுத்த ஷிப்ட் ஆட்கள் வெளியே காத்திருப்பார்கள். இடது கையில் இரண்டு ஊசியோடு நான்கு மணி நேரம் படுத்திருக்கும்போது குணவதி வலது கையால் நோட்டில் எழுதுகிறாள். “இந்த நாலு மணி நேரம் யாரும் எனக்கு வேல சொல்ல முடியாது. பாதிப் பாட்டு இங்க கட்டுனதுதான்.” ஒரு வரி சிக்கினால் சத்தமாகக் கேட்கிறாள்; மற்றக் கட்டில்களிலிருந்து ஆளுக்கொரு வார்த்தை வருகிறது. மூன்றாவது கட்டில் பெரியவர் எப்போதும் எதுகையில் தவறுகிறாராம். அவர் சொன்னதை அவள் எழுதிக்கொண்டு, அவர் தூங்கியதும் அடித்துவிட்டாள்.

முடிந்ததும் சிரித்துக்கொண்டே எழுந்தாள், இரண்டடி வைத்தாள், சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். முகம் வெளிறிப்போயிருந்தது. தூக்கப் போன என்னைக் கையமர்த்தினாள். “ரெண்டு நிமிஷம் இப்டிதான். புடிக்காதீங்க, புடிச்சா பழகிடும்.” வேலு வேனைக் கதவோரம் கொண்டுவந்து நிறுத்தி, அவளைப் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் ஆடி ஞாயிறு. ஒரகடம் போகிற வழியில் ஓர் ஊர் அம்மன் கோயிலில் கூழ் வார்க்கிறார்கள். ஒரு பக்கம் கோயில், மறுபக்கம் கார் உதிரிபாகக் கிடங்கின் நீண்ட சுவர். சுவர் நிழலில் வடநாட்டுத் தொழிலாளர்களும் தட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். கேழ்வரகுக் கூழும் முருங்கைக் கீரையும் கொடுத்தார்கள். நான் மூன்று முறை வாங்கினேன். குணவதி விரல் நுனியில் ஒரு சொட்டுத் தொட்டு நாக்கில் வைத்துக்கொண்டாள்.

பாடுவதற்கு முன்னால் அவள் இடது மணிக்கட்டைக் காதோடு சேர்த்து வைத்தாள். நாட்டுப்புறப் பாடகர்கள் காதைப் பொத்துவார்களே, அந்தப் பழக்கம் என்று நினைத்தேன். பிறகு என் காதிலும் வைத்துக் காட்டினாள். டயாலிசிஸுக்காக அறுத்து இணைத்த ரத்தக் குழாய் உள்ளே உஸ்ஸு உஸ்ஸென்று இரைகிறது. அந்த வேகத்தை வைத்துத்தான் தாளம் பிடிக்கிறாள். வேலு பம்பையில் அதே வேகத்தில் சேர்ந்துகொள்கிறார்.

ஒரு மணி நேரம் பாடினாள். கூட்டத்துக்குப் புதிதாக வந்த யாரோ ஒருத்தி, வாழ்க்கைப்பட்டு வந்த பெண்ணாக இருக்கலாம், பாட்டுக்கு நடுவே இளநீரோடு மேடையை நோக்கி வந்தாள். “அக்காவுக்கு எளநி குடுக்காத!” என்று ஊரே கத்தியது. அந்தப் பெண் பயந்துபோய் என் கையில் கொடுத்துவிட்டாள். நான் குடித்தேன். கடைசியில் குணவதி ஒலிபெருக்கியில் சொன்னாள்: “எல்லாரும் ஒடம்பப் பத்தி கேக்குறீங்க. ஒடம்பு கெடக்கட்டும். பாட்டுதான் என் உசுரு.” பலத்த கைத்தட்டல். நானும் தட்டினேன். பாட்டிலில் கடைசிக் கோட்டுக்குக் கீழே ஒரு மிடறு மிச்சம் இருந்தது. விடுதிக்குத் திரும்பி லெட்சுமிக்கு ஒரே வார்த்தை அனுப்பினேன்: முடியும்.

திங்கட்கிழமை காலை பயணத்துக்கான படிவங்களை நிரப்ப அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். பத்து மணிக்கு வேலுவின் போன் அடித்தது. அவர் எழுந்து நின்று பேசினார். “ஆமா சார். ஆமா சார். ஒண்ணும் சாப்பிடல சார், மாத்திரை மட்டும்தான். கெளம்பிட்டோம் சார்.” போனை வைத்த பிறகும் நின்றுகொண்டே இருந்தார். குணவதி பேனாவை மூடினாள். “எத்தினியாவது ஆளு நானு?” என்று கேட்டாள். “மூணாவது” என்றார்.

ஒரு சிறுநீரகத்துக்கு மூன்று பேரை அழைப்பார்கள் என்பது எனக்கு அப்போதுதான் தெரியும். பட்டியலில் முதல் ஆளுக்குப் பொருந்தாவிட்டால் அடுத்தவர், அவருக்கும் பொருந்தாவிட்டால் மூன்றாமவர். குணவதி இதற்கு முன் இரண்டு முறை போய்த் திரும்பியிருக்கிறாள். ஐந்து நிமிடத்தில் வேன் கிளம்பியது. பை ஏற்கெனவே கட்டித் தயாராக இருந்தது. ஆறு வருடமாகக் கட்டியே இருக்கிறதாம். நசரத்பேட்டை அருகே ஒரு லாரி குறுக்கே நின்று முக்கால் மணி நேரம் போயிற்று. வேலு ஒலிப்பானை அடிக்கவே இல்லை. ஸ்டீயரிங்கை மட்டும் இறுகப் பிடித்துக்கொண்டிருந்தார். ஒன்றே முக்கால் மணி நேரத்தில் ஆஸ்பத்திரி.

ரத்தம் எடுத்துக்கொண்டு ஒரு நீண்ட தாழ்வாரத்தில் உட்காரச் சொன்னார்கள். அங்கே ஏற்கெனவே ஒரு பள்ளி ஆசிரியை இருந்தார்; பட்டியலில் இரண்டாமவர். முதல் ஆளைக் காணோம். ஒருங்கிணைப்பாளரான ஓர் அம்மா வந்து வந்து போனில் முயன்று பார்த்தார். “ரெண்டு நம்பர் குடுத்திருக்காரு, ரெண்டும் ஸ்விட்ச்டு ஆஃப்” என்று சொல்லிக்கொண்டே போவார். நான் அவரைத் தனியே பிடித்து எங்கள் பயணத்தைப் பற்றிக் கேட்டேன். “எழுதிக் குடுத்துட்டுப் போலாம்மா. சீனியாரிட்டி போவாது. அந்த அஞ்சு நாள்ல வர்றது மட்டும் அடுத்தவங்களுக்குப் போயிடும்” என்றார். குணவதி பார்த்துக்கொண்டிருந்தாள். இவ்வளவுதானே என்பது போல எனக்குத் தலையை ஆட்டிக் காட்டினாள்.

ஒரு மணி வரை பார்த்துவிட்டு முதல் ஆளைக் கைவிட்டார்கள். மூன்றரைக்கு முடிவு வந்தது. ஆசிரியைக்குப் பொருந்தியது. அவரை உள்ளே அழைத்துப் போனார்கள். போகும்போது அவர் திரும்பி குணவதியைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். “நல்லபடியா போய்ட்டு வாங்க டீச்சர்” என்றாள் குணவதி. குரல் சரியாகத்தான் இருந்தது.

நாங்கள் பையை எடுத்தபோது தாழ்வாரத்தின் கோடியிலிருந்து இருவர் ஓடி வந்தார்கள். ஐம்பது வயதுக்காரர், அவர் மனைவி. இருவருக்கும் மொட்டை. தலையில் பூசிய சந்தனம் வியர்வையில் வழிந்திருந்தது. அவர்தான் முதல் ஆள். மலைக்கோயிலுக்கு ஒரு வேண்டுதலுக்காகப் போயிருக்கிறார்கள். தரிசன வரிசைக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. இருவரின் போனையும் ஒரே பையில் போட்டுக் கவுண்டரில் கொடுத்துவிட்டு ஏழு மணி நேரம் வரிசையில் நின்றிருக்கிறார்கள். வெளியே வந்து பார்த்தால் பதினேழு அழைப்புகள்.

ஒருங்கிணைப்பாளர் மெதுவாக விஷயத்தைச் சொன்னார். அவர் கேட்டுக்கொண்டார். பிறகு பெஞ்சில் குணவதிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். “என்ன வேண்டுதல்?” என்று நான் கேட்டிருக்கக் கூடாது. கேட்டுவிட்டேன்.

“இதுக்குத்தாம்மா” என்றார். “சீக்கிரம் கெடைக்கணும்னு.”

அவர் மனைவி என்ன செய்வதென்று தெரியாமல் பையைத் திறந்து எங்கள் எல்லோருக்கும் லட்டு பிட்டுக் கொடுத்தார். குணவதி ஒரு துணுக்கு வாங்கி வாயில் போட்டுக்கொண்டாள். அந்த முதல் ஆள் அழ ஆரம்பித்ததும் அவர் முதுகில் தன் வலது கையை வைத்தாள். நான் தாழ்வாரத்தின் மறுபக்கத்தைப் பார்த்துக்கொண்டேன். ஊரைவிட்டு வந்த நாளிலிருந்து வராத அழுகை எனக்கு அங்கே வந்தது.

திரும்பும் வழியில் பூந்தமல்லியைத் தாண்டினோம். பிறகு குணவதி, முன்னால் பார்த்தபடியே சொன்னாள்.

“அக்கா, நான் வரல.”

“யோசிச்சுச் சொல்லு. அந்த அம்மாதான் சொன்னாங்களே, சீனியாரிட்டி…”

“அதில்லக்கா. அந்த அண்ணன் பக்கத்துல உக்காந்து அழுவுறாரு. நான் முதுவத் தடவிக் குடுக்குறேன். ஆனா உள்ள இன்னா நெனச்சேன் தெரியுமா? நல்ல வேள, நான் எங்கியும் போவல, நல்ல வேள எங்க போனு ஆன்ல கீதுன்னு நெனச்சேன். அப்பவே தெரிஞ்சுபோச்சு. பாட்டுதான் உசுருன்னு மேடைக்கு மேட சொல்லிகினு கீறேன். பொய்யிக்கா. உசுருதான் உசுரு. எனக்கு அது வேணும்.”

வேலு வேனை ஓரங்கட்டினார். இறங்கிப் போய் சாலையோரம் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். நெடுநேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து ஏறினார். “‘போயிட்டு வா’ன்னு சொல்லவும் எனக்கு வாய் வரல, போவாதன்னு சொல்லவும் வரலக்கா” என்றார் என்னிடம். அவள் வாயில் கிராம்பு ஒன்றை எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

எனக்கு ஏமாற்றமாக இருந்தது, மறைப்பானேன். அதைவிட, ஞாயிற்றுக்கிழமை மேடையில் கைத்தட்டியதும் ‘முடியும்’ என்று செய்தி அனுப்பியதும் நினைவுக்கு வந்து கூச்சமாக இருந்தது. வேனில் இருந்தபடியே லெட்சுமியை அழைத்து நடந்ததைச் சொன்னேன். போனை ஸ்பீக்கரில் போடச் சொன்னாள்.

“குணா, நான் லெட்சுமி பேசறேன். நீ அங்கேயே இரு. எங்க பதினாலு பேருல பன்னெண்டு பேருகிட்ட பாஸ்போர்ட் இருக்கு. மீதி ரெண்டு பேருக்கு எடுத்துருவோம். வெள்ளி விழாவ உங்க ஊர்லயே வச்சிக்கிடுவோம்.”

குணவதிக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை. பதினாலு பேரா, எங்கே தங்குவீர்கள், வெயில் தாங்குமா, முட்டி வலியோடு எப்படி என்று என்னென்னவோ கேட்டாள். சுங்குவார்சத்திரத்தில் விடுதி நன்றாக இருக்கிறது, மின்விசிறி ஓடுகிறது என்று நான் சொன்னேன். முதல்முறையாக அன்றைக்குச் சிரித்தாள். பிறகு சட்டென்று முகம் மாறியது.

“நீங்க அல்லாரும் அவ்ளோ தூரம் வந்து, பாட ஆரம்பிச்ச அப்பால போன் வந்துச்சுன்னா?”

“பாட்ட நடுவுல விட்டுட்டு ஓடு” என்றாள் லெட்சுமி.

“கோவிச்சுக்க மாட்டீங்களே?”

“அடி போடி.”

நான் ஊர் திரும்பி மூன்று வாரம் ஆகிறது. தை மாதம் எல்லோரும் கிளம்புகிறோம். ஞாயிறு கூட்டத்தில் யார் எங்கே உட்காருவது, அவளை எந்தப் பாட்டு பாடச் சொல்வது என்று சண்டையே நடக்கிறது. கூட்டம் முடிந்து கலையும்போது எல்லோரும் ஒரு நிமிடம் கண்மூடி நிற்கிறோம். இது புதிதாக ஏற்பட்ட வழக்கம். பதினாலு பேரும் பிள்ளைப்பாக்கத்தில் போய் இறங்கும் அன்றைக்கு அந்த வீடு பூட்டிக் கிடக்க வேண்டும் என்றுதான் வேண்டிக்கொள்கிறோம்.